வெயிலுக்கு நிழற்குடை, வெள்ளத்துக்குப் பாலம்: ஊராட்சியிடம் கேட்டு வாங்குவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊருக்குள் வரும் ஒரே சாலையில் உள்ள தரைப்பாலம் மூழ்கி, இரண்டு பக்கமும் அரித்து, 11 நாட்கள் பஸ் வரவில்லை. அடுத்த ஐந்தாவது மாதம் இன்னொரு கூத்து. விலக்கில், அதாவது ஊருக்குச் சாலை பிரியும் முனையில், இருந்த தகரக் கூரை நிழற்குடைக்குள் வெக்கையில் நிற்க முடியாமல், எல்லோரும் எதிரே இருந்த புளியமரத்தடியில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினோம்.

பாலத்தை உயர்த்தவும் நிழற்குடையை மாற்றவும் எங்கள் மகளிர் குழுவுக்கு 22 மாதங்கள் ஆயின. அதில் பாதி, எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் வீணானது. உங்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊராட்சிப் பகுதிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. சாலை யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நான் எழுதிய முதல் மனு மூன்று பக்கம். கடல் சூடாவது, பருவமழை தாறுமாறாவது, கோடை நீளுவது என்று எல்லாம் அதில் இருந்தது. "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தது. பிறகு நேரில் போனபோது, அந்த அலுவலகத்தின் உதவியாளர் ஒருவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே அம்மா, சர்வே எண் எங்கே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

நீங்கள் கேட்கும் இடம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே மனு நகரும். எங்கள் ஊரில் நிலைமை இப்படி: தரைப்பாலம் இருக்கும் சாலை ஊராட்சி ஒன்றியச் சாலை. அதன் கீழே ஓடும் ஓடை நீர்வளத் துறையுடையது. நிழற்குடை நிற்கும் விலக்கு, மாநில நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக்குள் வருகிறது. அரை கிலோமீட்டருக்குள் மூன்று சொந்தக்காரர்கள். ஊராட்சித் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் கையெழுத்தால் மட்டும் இதில் ஒரு கல்லும் நகராது.

சாலையோர மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத உள்சாலை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் உள்ள சாலைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஏரி, குளங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு: 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறும் நிலம்) என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை.

2. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

40 பக்க நோட்டு போதும். அதில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: எந்தெந்தத் தேதியில் பஸ் வரவில்லை, தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள்.

தண்ணீர் வடிந்த மறுநாளே சுவரில் சேற்றுக் கோடு தெரியும். அதன் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, தேதியை எழுதி, அளவு நாடாவை வைத்துப் புகைப்படம் எடுங்கள். நாங்கள் இதை ஒரு மாதம் கழித்துச் செய்யப் போனோம். அதற்குள் பாதி வீடுகளில் பொங்கலுக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். மிஞ்சியது ரேஷன் கடைச் சுவரும் கோவில் மதிலும்தான். கடைசியில் பாலத்தின் உயரத்தைத் தீர்மானித்தது அந்த ரேஷன் கடைக் கோடுதான்.

வெயிலுக்கும் அப்படியே. 2024 மே மாதத்தில் பத்து நாட்கள், மாலை 4 மணிக்கு நிழற்குடையில் எத்தனை பேர், வெளியே மரத்தடியில் எத்தனை பேர் என்று எண்ணி எழுதினோம். பள்ளி திறந்த பிறகு இன்னொரு பத்து நாட்கள். "கடும் வெப்பத்தால் பொதுமக்கள் அவதி" என்று எழுதுவதைவிட, "நிழற்குடைக்குள் 3 பேர், மரத்தடியில் 31 பேர்" என்று எழுதினால் அதிகாரி தலை நிமிர்ந்து பார்க்கிறார்.

காலநிலை மாற்றம் என்ற சொல்லை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியரே தலைமை, மாவட்ட வன அலுவலர் அதன் காலநிலை அலுவலர். மனுவின் ஒரு நகலை வன அலுவலருக்கும் அனுப்புங்கள். அங்கிருந்து பாலம் வராது, மரக்கன்று வரும். எங்களுக்கு வந்தது.

3. காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டு நகலும், அதன் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடமும் அரசின் இணையச் சேவையில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அ-பதிவேட்டில் "சர்க்கார் புறம்போக்கு" என்றும், பக்கத்தில் சாலை, ஓடை, நத்தம் என்று வகையும் இருக்கும். இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். எங்கள் பழைய நிழற்குடையின் ஒரு கால் பகுதி தனியார் பட்டா நிலத்தில் நின்றது. இருபது ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை, நிலத்துக்காரருக்கும் சேர்த்துத்தான். பட்டா நிலத்தில் அரசுப் பணம் செலவிட அனுமதி கிடைக்காது. இடத்தை 6 மீட்டர் தள்ளிக் காட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது.

அதன் பிறகு தடையின்மைச் சான்றுகள், அதாவது "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று அந்தந்தத் துறை தரும் கடிதங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிழற்குடை என்றால் நெடுஞ்சாலைத் துறையிடம், ஓடையின் மேல் கட்டுமானம் என்றால் நீர்வளத் துறையிடம் வாங்க வேண்டும். இவற்றை நீங்கள் நேரடியாகக் கேட்டால் கிடைக்காது. வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாகத்தான் கடிதம் போக வேண்டும். ஆனால் கடிதம் போன பிறகு அதன் பின்னால் நீங்கள்தான் நடக்க வேண்டும். எங்களுக்கு ஒரு சான்று வர நான்கு மாதங்கள் ஆயின. அதில் மூன்று மாதங்கள் கடிதம் துறையின் தவறான உட்கோட்ட அலுவலகத்தில் கிடந்தது. ஆகவே கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பத்து நாளில் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

4. கிராம சபையில் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் உங்களுக்கு மிக முக்கியமானது அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. அந்தத் திட்டத்தில் உங்கள் வேலை ஏறாவிட்டால், பிறகு யாரைப் பார்த்தாலும் "திட்டத்தில் இல்லையே" என்பார்கள்.

நாங்கள் விழுந்த பள்ளங்கள் இவை:

கூட்டப் பொருளில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், ஒப்புதல் வாங்குங்கள். கொடுக்காவிட்டால் "இதர பொருட்கள்" என்று கடைசியில் தள்ளுவார்கள். அதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் போனது.

ஆள் எண்ணிக்கை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு 100. குழுவுக்குப் பத்துப் பேர் என்று பிரித்து அழைத்து வந்தோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை நம்பியே கூட்டம் நடத்தும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது; அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், தீர்மானம் படிக்கும்போது இருக்க மாட்டார்கள்.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். சர்வே எண், சாலையின் பெயர், வெள்ளக் கோட்டின் உயரம், என்ன கட்ட வேண்டும் என்பது நான்கும் அதில் இருக்கட்டும். "நிழற்குடை அமைக்க ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் அது எங்கேயும் செல்லாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

தலைவர் இல்லாத ஊராட்சிகளும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். ஒருவரிடமே பல ஊராட்சிகள் இருப்பதால் அவரைப் பிடிப்பது கடினம்தான். ஆனால் உள்ளூர்ப் பகைகள் அவருக்கு இல்லை. தெற்குத் தெருக்காரர்கள் கேட்டார்கள் என்பதற்காகவே எங்கள் பாலத்தைத் தள்ளிப்போட்டவர்கள் இருந்தார்கள். அந்தத் தொல்லை ஜனவரியோடு தீர்ந்தது.

5. பணம் எந்தப் பையில் இருக்கிறது?

"ஊராட்சியில் பணம் இல்லை" என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. இருக்கும் பணத்துக்குக் கட்டுகள் உண்டு. 2021-26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. அதை நிழற்குடைக்கு எடுக்க முடியவில்லை. ஆனால் வெள்ளத்தில் மூழ்கும் குடிநீர் மோட்டார் அறையை உயர்த்த அதைக் கேட்க முடிந்தது. எங்கள் ஊரில் பாலத்தைவிட முதலில் முடிந்த வேலை அதுதான்: மின்பலகையை நான்கடி மேலே ஏற்றினார்கள். வெள்ளத்தின்போது ஊரைச் சுற்றித் தண்ணீர், குடிக்க ஒரு குடம் கிடையாது என்ற நிலை இனி வராது.

நிழற்குடைக்கு எளிய வழி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி, ஆனால் தொகுதி பெரியது, வரிசை நீளமானது. அவர்களுடைய அலுவலகத்தில் மனுவாக மட்டும் கொடுக்காதீர்கள். தீர்மான நகல், இடத்தின் ஆவணம், உத்தேச மதிப்பீடு மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில், ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்தால் பட்டியலில் ஏற வாய்ப்பு அதிகம். ஜனவரியில் போனால் பணம் தீர்ந்திருக்கும். எங்கள் நிழற்குடைக்குப் போட்ட மதிப்பீடு 9.5 லட்சம் ரூபாய்.

ஊரில் பணம் திரட்ட முடியுமானால் "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. வெளியூரில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இருந்தால் யோசியுங்கள். நாங்கள் யோசித்தோம், கோவில் கொடையின் கணக்கே இன்னும் முடியவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம்.

சிறுபாலம் என்றால் ஒன்றியப் பொது நிதியில் செய்துவிடலாம். பெரிய பாலம் என்றால் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரித்து, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கியின் நிதிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

6. மதிப்பீடு போடும் நாளில் கூட இருங்கள்

மற்ற எல்லாப் படிகளிலும் நீங்கள் காத்திருப்பீர்கள். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் இருந்தால்தான் நல்லது நடக்கும். ஓவர்சியர் அளவு எடுக்க வரும் நாளை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு மாதிரி வரைபடம் இருக்கும். அதையே எல்லா ஊருக்கும் போடுவார்கள். பளபளக்கும் எவர்சில்வர் இருக்கை, வளைந்த மெல்லிய கூரை, பின்னால் பெயர்ப்பலகை. திறப்பு விழாப் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். மே மாதம் அந்த இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்.

நாங்கள் கேட்டு வாங்கிய மாற்றங்கள்:

கூரை கான்கிரீட், அதன் மேல் தட்டோடு, அதற்கு மேல் வெள்ளைப் பூச்சு. மேற்குப் பக்கம் முழுச் சுவர் வேண்டாம், காற்று புகும் ஜாலிக் கல் சுவர். பள்ளிப் பிள்ளைகள் நிற்பது மாலை 4 மணிக்கு. அப்போது வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. வடக்குப் பக்கத்தையும் மறக்காதீர்கள். எங்கள் பகுதியில் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் சற்று வடக்காகவே நிற்கும். வடக்கே வாசல் என்றால் கூரையை இரண்டடி கூடுதலாக நீட்டச் சொல்லுங்கள். இருக்கை சிமெண்ட் திண்ணை. தரைத்தளம் வெள்ளக் கோட்டுக்கு மேலே, ஏறுவதற்குப் படியோடு சாய்தளமும். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலியை யாராலும் தள்ள முடியாது.

பாலத்தில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. "சாலையை உயர்த்திவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சாலை உயர்ந்து, அடியில் தண்ணீர் போக வழி அதே பழைய குழாயாக இருந்தால், சாலையே அணையாகி மேல்புறத் தெருவுக்குள் தண்ணீரைத் தள்ளும். முதல் மதிப்பீட்டில் எங்களுக்கு இரண்டு குழாய் போட்டிருந்தார்கள். ஆகாயத்தாமரையும் வாழைத்தண்டும் அடித்து வரும் ஓடையில் குழாய் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். ரேஷன் கடைக் கோட்டின் படத்தைக் காட்டி, குழாய்க்குப் பதில் அகலமான சதுரத் திறப்புள்ள பெட்டிப் பாலமாக மாற்றச் சொன்னோம். செலவு கூடும் என்பதால் கோப்பு இரண்டு மாதம் திரும்பிப் போய் வந்தது. அந்தத் தாமதம் தகும்.

ஊருக்குள் தார்ச் சாலை போடும்போதும் இதே கதைதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால், ஒவ்வொரு முறையும் வீட்டு வாசல் இன்னும் கொஞ்சம் தாழ்கிறது.

7. பைசா செலவில்லாமல் கேட்கக்கூடியவை

வெள்ள நாளுக்கு மாற்றுத் தடம். போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்கு ஊராட்சித் தீர்மானத்தோடு ஒரு கடிதம்: பாலம் மூழ்கினால் பஸ் எந்த இடம் வரை வரும், எந்த வழியாகச் சுற்றும், திரும்ப இடம் எங்கே. ஊராட்சியால் பஸ்ஸை உத்தரவிட முடியாது, கேட்கத்தான் முடியும். ஓட்டுநர்களையே கேளுங்கள், எங்கே திருப்ப முடியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மரம். வேம்பு, புங்கன், பூவரசு. அக்டோபரில் முதல் மழை விழுந்ததும் நட வேண்டும். நிழல் தர மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆகும். தூங்குமூஞ்சி வேகமாக வளரும், புயலில் கிளை முறிந்து பஸ் மேலேயே விழும். வேலி இல்லாமல் நட்டால் ஆட்டுக்குத் தீனி.

அவசர எண்கள் 1077, 1070 இரண்டையும் நிழற்குடைச் சுவரில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

8. கோப்பு நின்றால்

முதலில், தேர்தல் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் எங்கள் கோப்பு ஜூன் வரை அசையவில்லை. இதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை, முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது இல்லாமலே நின்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். மனு எண் போட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இலும் புகாரைப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை என்று பதில் வரும். "இந்த எண்ணுள்ள கடிதம் இன்று யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து உள்ளது? குறிப்புத்தாள் நகல் தருக" என்று கேளுங்கள். எங்களுக்குப் பதில் வரவில்லை. 19ஆம் நாள் தடையின்மைச் சான்றே வந்துவிட்டது.

என் கையிலிருந்து போன பணம் மொத்தம் 1,900 ரூபாய்க்குள். நகல், வில்லை, புகைப்படம். டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லாததால் பயணச் செலவு மிச்சம். ஆனால் தையல் கடையை மூடிவிட்டுப் போன நாட்கள் 14. அதை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மூன்று நாள்தான். தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

9. வேலை தொடங்கிய பின்

நிர்வாக அனுமதி வந்த பிறகும் ஒப்பந்தப்புள்ளிக்கு நேரம் வேண்டும். 2 கோடிக்கு உட்பட்ட வேலைக்குக் குறைந்தது 15 நாட்கள். ஆகவே ஜூன் மாதத்துக்குள் வேலை உத்தரவு வராவிட்டால், ஓடைக்குள் செய்யும் வேலையை அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிப்பது சந்தேகம். பாதி தோண்டிய பாலத்தோடு அக்டோபரைச் சந்திப்பதைவிட, பழைய பாலத்தோடு சந்திப்பது மேல். எங்கள் பாலம் செப்டம்பர் மூன்றாவது வாரம் முடிந்தது, தப்பித்தோம். நிழற்குடை முடிய அக்டோபர் ஆனது.

கான்கிரீட் போட்டால் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆள் இரண்டாம் நாளே காணாமல் போவார். எங்கள் குழுவில் முறை வைத்து நாங்களே சாக்கு நனைத்தோம்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அளவுப் புத்தகத்தின் நகல். அதில் எழுதியிருக்கும் நீளமும் அகலமும் தரையில் இருக்கிறதா என்று நாடா பிடித்துப் பாருங்கள். இரண்டு, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் நிழற்குடை ஏறியிருக்கிறதா என்ற விவரம். ஏறாவிட்டால் நாளை கூரையில் விரிசல் விட்டாலும், விளக்கு எரியாவிட்டாலும், அது யாருடையது என்று மறுபடி முதல் படியிலிருந்து தேட வேண்டியிருக்கும். எங்களுடையது இன்னும் ஏறவில்லை. அடுத்த கிராம சபைக்கு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன், சர்வே எண்ணோடு.